ஜப்பானிய வினைச்சொல் மறந்துபோனவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானிய மொழி பற்றி வந்த கடிதங்களை மொத்தமாக எடுத்து வைத்துப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே ரகம்: ஒருகாலத்தில் படித்தேன், விட்டுவிட்டேன், திரும்ப எடுத்தால் வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனால் இந்த முறை அதை மட்டுமே பேசலாம். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். சரியான ஒலிக்கு ஹிரகானாவில் (ஜப்பானிய ஒலியெழுத்தில்) எழுதிப் பாருங்கள், ஏன் என்று கீழே ஒரு இடத்தில் வரும்.

கேள்வி: என்4 (ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கீழிருந்து இரண்டாம் நிலை) வரை படித்துத் தேர்விலும் பாஸ் செய்தேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று ஏழெட்டு வருஷம் புத்தகத்தைத் தொடவே இல்லை. இப்போது எடுத்தால் சொற்கள் ஓரளவு ஞாபகம் இருக்கின்றன, காஞ்சிகூட (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) கொஞ்சம் தெரிகிறது, ஆனால் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே குழப்பம். தெ வடிவம் ('குடித்து' போன்ற நம் வினையெச்சம் மாதிரி வருவது) சுத்தமாகப் போய்விட்டது. முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் "இது புத்தகம், அது குடை" பகுதியில் தெரிந்ததையே மறுபடி படித்துச் சலித்துப்போய், வினைச்சொல் சூடுபிடிக்கும் இடம் வருவதற்குள் மூடி வைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மறந்தது எல்லாம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1885-ல் தன் மேலேயே சோதனை நடத்தி இதைக் காட்டினார்: முன்பு படித்ததை, அது துளிகூட நினைவுக்கு வராத நிலையிலும், திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. 1984-ல் ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஸ்பானிஷ் படித்துவிட்டு விட்டவர்களை, படித்து ஐம்பது வருஷம் ஆனவர்கள் வரைக்கும், சோதித்துப் பார்த்தார். முதல் மூன்று முதல் ஆறு வருஷம் வரை அறிவு சரிகிறது, அதற்கப்புறம் மிஞ்சியது முப்பது வருஷம்வரை பெரிதாகக் குறையாமல் அப்படியே கிடக்கிறது என்று கண்டார். எவ்வளவு மிஞ்சும் என்பது முதலில் எவ்வளவு ஆழமாகப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஏழெட்டு வருஷக் கணக்குக்கு, போக வேண்டியது போய்விட்டது, இனி பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசக்கும். ஜே.எல்.பி.டி. தேர்வு முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, எழுதவோ பேசவோ அதில் இடமே இல்லை. நான்கு விடைகளில் சரியான தெ வடிவத்தைக் கண்டுபிடிப்பதும், பேச்சு நடுவே அதை நாமாக உருவாக்குவதும் வேறு வேறு வேலை. ஆக நீங்கள் "மறந்துவிட்டேன்" என்று நினைப்பதில் ஒரு பகுதி, அன்றைக்கே கைக்கு வராததாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வெள்ளைத்தாளில் பத்து வினைச்சொல்லை அகராதி வடிவத்தில் எழுதுங்கள்: நொமு (குடி), ககு (எழுது), ஒயொகு (நீந்து), ஹனஸு (பேசு), மத்ஸு (காத்திரு), தொரு (எடு), அஸொபு (விளையாடு), தபெரு (சாப்பிடு), ஸுரு (செய்), குரு (வா). எதையும் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் எதிர்மறை, தெ வடிவம், 'முடியும்' வடிவம் மூன்றையும் எழுதுங்கள். தப்புகள் தாள் முழுக்கச் சிதறியிருக்காது, இரண்டு மூன்று இடத்தில் கும்பலாக இருக்கும், அங்கே மட்டும் உட்கார்ந்தால் போதும்.

பெரும்பாலான பாடநூல்கள் மரியாதையான மஸு வடிவத்தில் ஆரம்பிப்பதால், பலர் மனசில் நொமிமஸு-தான் மூலம், மற்றதெல்லாம் அதிலிருந்து பிய்த்து எடுப்பது என்று பதிந்திருக்கிறது. திரும்பப் படிக்கும்போது அதை மாற்றிக்கொள்ளுங்கள். நொமு என்ற அகராதி வடிவத்தைப் பிடித்துக்கொண்டு உயிர்மெய் வரிசையில் நடந்தால் ம, மி, மு, மெ, மோ: நொமனை (குடிக்கமாட்டேன்), நொமிமஸு (குடிக்கிறேன், மரியாதையாக), நொமு, நொமெபா (குடித்தால்), நொமோ (குடிப்போம்). முதல் வகை வினைகளுக்குக் 'கோதான்', அதாவது ஐந்து படி, என்று பெயர் வந்ததே இதனால்தான். உயிர்மெய் வரிசையை அரிச்சுவடியிலேயே ஒப்பித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஹிரகானா அட்டவணையின் வரிசையையும் ஒருமுறை பாருங்கள்: அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க ச த ந ப ம ய ர வ அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அந்த அடுக்கு சமஸ்கிருத எழுத்துமுறையைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போனது. ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப ஒலிதான் இருந்தது.

அந்தப் பழைய ப-வே இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கிறது. வாங்கு என்பதற்கான க-உ, எதிர்மறையில் க-அனை ஆகாமல் கவனை ஆகிறதே, நடுவில் வ எங்கிருந்து வந்தது என்று எல்லோருமே ஒருமுறை முழிக்கிறார்கள். அது பழைய கபு-வின் ப தேய்ந்து வ ஆனது. அ-வுக்கு முன்னால் மட்டும் தங்கிவிட்டது, மற்ற இடங்களில் காணாமல் போய்விட்டது. காரணம் வேறு என்றாலும் நம் உடம்படுமெய் மாதிரி நினைத்துக்கொண்டால் மறக்காது.

இனி தெ வடிவம். விதிப் பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்யாதீர்கள். அது எப்படிக் கலங்கியது என்று தெரிந்தால் பட்டியலே தேவையில்லை. ஆதியில் விஷயம் சுலபமாக இருந்தது: மஸு-வுக்கு முன்னால் நிற்கும் பகுதியோடு தெ சேர்த்தால் ஆயிற்று. ககி-தெ, நொமி-தெ, தொரி-தெ. ஹேயான் காலத்தில் (794–1185) வேகமாகப் பேசிப் பேசி இது நைந்துபோனது. ககிதெ-யில் நடுவிலிருந்த க் உதிர்ந்து கைதெ. நொமிதெ-யில் மி சுருங்கி மூக்கொலியாகி, பக்கத்திலிருந்த தெ-யையும் மெலிய வைத்து நொந்தெ. தொரிதெ-யில் ரி ஒற்றாகி தொத்தெ. ஹனஷிதெ மட்டும் எதற்கும் மசியாமல் அப்படியே நின்றுவிட்டது. தபெரு மாதிரி இரண்டாம் வகை வினைகளில் (ஐந்து படி ஏறாமல் கடைசி ரு மட்டும் உதிரும் வகை) நடுவில் தேய ஒன்றும் இல்லாததால் தபெதெ, அவ்வளவுதான். நொந்தெ, அஸொந்தெ எல்லாம் நமக்கு இன்னும் லாபம், 'பந்து' என்று சொல்லும்போது த தானாக மெலிகிறதே, அதே வேலை. அன்றாட வினைகளில் விதிவிலக்கு என்று பார்த்தால் இகு (போ) ஒன்றுதான், இய்தெ என்று வர வேண்டியது இத்தெ என்று வரும்.

தெ வந்துவிட்டால் இறந்தகாலம் இலவசம். நொந்தெ, நொந்தா. கைதெ, கைதா. வந்து, வந்தேன் என்று நாம் செய்வதுதான்.

வினை வடிவங்களின் பட்டியலில் மறுபாதியைப் பார்த்து மலைப்பவர்களுக்கு ஒரு சமாசாரம். நொமெரு (குடிக்க முடியும்), நொமரெரு (குடிக்கப்படும்), நொமஸெரு (குடிக்க வை) மூன்றும் பிறந்தவுடனே இரண்டாம் வகை வினை ஆகிவிடுகின்றன, அதற்கப்புறம் தபெரு போலத்தான் நடக்கும். நொமனை-யும் நொமிதை-யும் (குடிக்க ஆசை) இ-யில் முடியும் பெயரடையைப் போல நடக்கும், அதனால்தான் நொமனகத்தா, நொமிதகத்தா. மொத்தத்தில் நீங்கள் பழுது பார்க்க வேண்டியது உயிர்மெய் நடை, தெ வடிவம், ரு-வில் முடியும் வினைகளின் வகை, அப்புறம் ஸுரு, குரு என்ற இரண்டு அடங்காப்பிடாரிகள். குரு-வை மட்டும் வாய்விட்டு நிறையச் சொல்லுங்கள்: கொனை, கிமஸு, கிதெ, குரெபா, கொயோ. இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பயிற்சியில் ஒரே ஒரு பிடிவாதம் வேண்டும்: ஒரு வினைக்கு எல்லா வடிவமும் என்று வரிசையாக எழுதாமல், வினையும் வடிவமும் கலந்து வரட்டும். வரிசையாக எழுதினால் மேலே இருக்கும் வரியைப் பார்த்துக் கை தானாக எழுதிவிடும், மூளை சும்மா இருக்கும். சொல்லை மட்டும் தனியாகச் சொல்லாமல் சின்ன வாக்கியமாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ரு-வில் முடியும் வினை எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி? கயெரு என்று பார்த்தால் கயெதெ-யா, கயெத்தெ-யா?

இரண்டும் உண்டு, அதுதான் வம்பு. வீடு திரும்பு என்ற கயெரு முதல் வகை, கயெத்தெ. மாற்று என்ற கயெரு இரண்டாம் வகை, கயெதெ. ரு-வுக்கு முன்னால் அ, உ, ஒ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வகை என்று சொல்லலாம் (தொரு, த்ஸுகுரு, வகரு), குரு, ஸுரு இரண்டும் எப்போதும் போலக் கணக்கில் இல்லை. இ, எ வந்தால் அநேகமாக இரண்டாம் வகை. அதை மீறி முதல் வகையில் போய் உட்கார்ந்திருப்பவை அன்றாடம் தேவைப்படுபவையாகவே இருக்கின்றன: கயெரு, ஹைரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), கிரு (வெட்டு), இரு (தேவைப்படு), ஷபெரு (அரட்டையடி), ஹெரு (குறை). இவற்றைத் தனிப்பட்டியலாக உருப்போடுவதைவிட, எதிர்மறையோடு ஜோடியாகப் பழகுங்கள்: ஹைரு-ஹைரனை, ஹஷிரு-ஹஷிரனை. ர நின்றால் முதல் வகை, ர போய்விட்டால் இரண்டாம் வகை.

கிரு என்றால் 'வெட்டு', 'உடுத்து' என்று இரண்டு வினை. வெட்டினால் தெ வடிவத்தில் ஒற்று உண்டு, உடுத்தினால் கிடையாது. இங்கேதான் தமிழ் எழுத்து நம்மைக் கவிழ்க்கிறது. ஒற்று இல்லாமல் கிதெ என்று எழுதினால் த மெலிந்து ஒலிக்கிறது, வலுவாக ஒலிக்கட்டும் என்று ஒற்றுப் போட்டால் உடுத்தியவர் வெட்டியவர் ஆகிவிடுகிறார். ஜப்பானியத்தில் ஒற்று இல்லாமலேயே த வலுவாக இருக்கும், ஒற்று வந்தால் ஒரு மாத்திரை நின்று போக வேண்டும். குறிப்பேட்டில் தமிழில் எழுதிப் படித்தவர்கள் இதைக் காதால் கேட்டுத்தான் திருத்திக்கொள்ள முடியும். ஹிரகானாவுக்கு மாறுங்கள் என்று நான் பிடுங்கி எடுப்பது இதற்காகத்தான்.

கேள்வி: வகுப்பில் தெ வடிவத்துக்கு ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டு இன்னும் முழுசாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் பேசும்போது வடிவம் வருவதில்லை. ஏன்?

பாட்டில் எழுத்துகள்தான் இருக்கின்றன, வினை இல்லை. உ, த்ஸு, ரு, த்தெ என்று பாடி முடித்து, அப்புறம் மத்ஸு எந்த வரியில் வருகிறது என்று தேடி, அப்புறம் மாற்றி… எதிரில் இருப்பவர் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். பாட்டை விடைத்தாள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் பார்க்க. பேச்சுக்கு மத்தெ (இரு, காத்திரு), ச்சொத்தொ மத்தெ (கொஞ்சம் இரு) என்ற முழுச் சொல்லாகவே வாயில் ஏற வேண்டும்.

கேள்வி: தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானியம் சுலபம் என்கிறார்களே, வினைச்சொல்லிலும் அது உண்மையா? இரண்டும் ஒரே குடும்பம் என்றுகூடப் படித்தேன்.

குடும்பக் கதையை முதலில் முடித்துவிடுவோம். சுஸுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல வருஷம் வாதாடினார், மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, அதில் தெ வடிவம் நமக்குப் பெரிய வரம்.

தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்றாலே பார்தான். தபெதெ ஷிமத்தா, சாப்பிட்டுவிட்டேன். கத்தெ ஒகு, வாங்கி வை, ஒகு என்றால் வை. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்லும் இத்தெ கிமஸு, அச்சு அசலாக நம் 'போய்விட்டு வருகிறேன்'. பேச்சில் சுருங்கும் விதம்கூட அப்படித்தான், சாப்பிட்டுவிட்டேன் 'சாப்பிட்டுட்டேன்' ஆவது போல தபெதெ ஷிமத்தா தபெச்சத்தா ஆகிவிடும். வேறு மொழிக்காரர்கள் தனித்தனி இலக்கணப் பாடமாக உருட்டுவதை நீங்கள் வினையெச்சத்துக்குப் பின்னால் துணைவினை என்று ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளலாம். நான், நீ, அவன், அவள் என்று விகுதி மாறும் தொல்லையும் கிடையாது. திரும்பப் படிக்க வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சியே இதுதான், நாள் முழுக்க நீங்கள் தமிழில் சொல்லும் '-ட்டுப் பார்', '-விடு', '-வை' வாக்கியங்களைப் பிடித்து ஜப்பானியத்தில் சொல்லிப் பார்ப்பது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழை நம்பாதீர்கள். தெ இரு என்பது எப்போதும் 'கொண்டிருக்கிறேன்' இல்லை. தபெதெ இரு சாப்பிட்டுக்கொண்டிருப்பது, சரி. ஆனால் ஷிந்தெ இரு என்றால் செத்துக்கொண்டிருக்கிறார் இல்லை, செத்துப்போயிருக்கிறார். கெக்கொன் ஷிதெ இரு என்றால் கல்யாணம் ஆனவர், தாலி கட்டும் நேரம் இல்லை. ஒரு நொடியில் நடந்து முடியும் வினை என்றால் அதன் விளைவு இப்போது இருக்கிறது என்று பொருள். ஷித்தெ இரு, தெரியும். இதற்கு எதிர்மறை மட்டும் ஷித்தெ இனை என்று வராது, ஷிரனை என்றே சொல்ல வேண்டும். தேர்வு எழுதியவர்கள்கூட இதில் சறுக்குவார்கள்.

கேள்வி: புத்தகத்தில் தபெரரெரு என்று இருக்கிறது, ஜப்பானிய நண்பர் தபெரெரு என்கிறார். எது சரி?

தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் தபெரரெரு. நண்பர் சொல்வது பேச்சு, அவர் தப்பாகப் பேசவில்லை. தொரெரு, நொமெரு என்று முதல் வகையில் எரு சேர்ப்பதைப் பார்த்து இரண்டாம் வகையும் அதே வழியில் போகிறது. அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது: தபெரரெரு என்பது 'சாப்பிட முடியும்', 'சாப்பிடப்படும்', மரியாதைக்கு 'சாப்பிடுகிறார்' என்று மூன்று வேலை பார்க்கிறது, பேச்சு வழக்கு முதல் வேலையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஜப்பானின் கலாசார அலுவல்கள் முகமை 2015-ஆம் நிதியாண்டில் எடுத்த கணக்கெடுப்பில் 'பார்க்க முடிந்தது' என்பதற்கு மிரெதா என்பவர்கள் மிரரெதா என்பவர்களை முதல்முறையாக முந்தினார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் புத்தகமும் இறங்கி வரும் என்பது என் ஊகம், அதுவரை இரண்டையும் காதுக்குப் பழக்குங்கள், எழுத்தில் ர-வை விடாதீர்கள்.

மூன்றில் எது என்று குழம்பினால் வினையை முறைத்துப் பார்க்காமல் பக்கத்து இடைச்சொல்லைப் பாருங்கள். ஸகன கா தபெரரெரு, மீன் சாப்பிட முடியும். நெகொ நி ஸகன ஒ தபெரரெதா, பூனை மீனைத் தின்றுவிட்டது, அதனால் எனக்கு நஷ்டம். நி வந்தால் யாரோ ஒருவர் செய்தார் என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மழைகூட இப்படி வரும்: அமெ நி ஃபுரரெதா. தமிழில் 'மழையால் பெய்யப்பட்டேன்' என்று சொன்னால் சிரிப்பார்கள், ஜப்பானியத்தில் மழை பெய்து என் பாடு திண்டாட்டம் என்று அர்த்தம்.

கேள்வி: நொமஸெரரெரு. இதை உச்சரிக்கவே வரவில்லை, எங்கே பயன்படுத்துவது?

மற்றவர் கட்டாயத்தில் குடிக்க நேர்ந்தது என்று புலம்புவதற்கு. நொமு, நொமஸெரு, நொமஸெரரெரு என்று மூன்று எட்டு. பேச்சில் முதல் வகை வினைகளுக்கு நொமஸரெரு என்று குறுக்குவழி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸு-வில் முடியும் ஹனஸு போன்றவற்றுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது, ஹனஸஸெரரெரு என்று முழுதாகவே சொல்ல வேண்டும். திரும்பப் படிக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், கேட்டால் புரிந்தால் போதும்.

கேள்வி: என் பழைய என்4 சான்றிதழ் இன்னும் செல்லுமா? மறுபடி என்4 எழுதவா, என்3-க்குப் போகவா?

சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கேட்கும் நிறுவனம் 'சமீபத்தியது வேண்டும்' என்று சொன்னால் அது அவர்கள் விதி, அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2009 வரை நான்கு நிலைதான் இருந்தன, 2010-ல் ஐந்தாக்கினார்கள், ரொம்பப் பழைய மூன்றாம் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதை என்4-க்கு இணையாக நினைத்துக்கொள்ளலாம். மறுபடி என்4 எழுதப் பணம் கட்ட வேண்டாம். பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து வீட்டில் எழுதிப் பாருங்கள். 180-க்கு 90 வந்து, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் எட்டினால் என்4 பாஸ், ஆனால் உங்களுக்கு அது பத்தாது, 130 பக்கம் வந்தால் என்3-க்குத் தயாராகலாம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சில ஊர்களில் இரண்டில் ஒன்று மட்டும். விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே மூடிவிடும், தேதியை இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.